புளியங்கொட்டை விழாத தட்டு

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் பெயர். முப்பது ஆண்டுகளாகக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்? ஸ்டாஃப் ரூமிலோ, சர்ச் கமிட்டியிலோ, ரேஷன் கடை வரிசையிலோ, மனதில் பட்டதைச் சொல்லாமல் நான் வீடு திரும்பியதில்லை. அந்த வாய் ஒரே ஒரு நாள் மூடிக்கொண்டது. அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதினால் மனம் ஆறிவிடும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்தியப் பெருங்கடலில் ஒரு குட்டி நாடு. பெயர் வேண்டாம். உலகப் படத்தில் அதைத் தேட நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மீன் வளர்ப்பு ஆராய்ச்சிக்கு அவர்களால் ஒதுக்க முடிந்த பணம் கொஞ்சம். அதை எல்லாருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்து, ஒன்றும் உருப்படாமல் போனதில் சலித்துப்போயிருந்தார்கள். இனி ஐந்து வருடத்துக்கு ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பணம், அது எது என்பதை மீன் வளர்க்கிறவர்களே சொல்லட்டும் என்று முடிவெடுத்தார்கள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வெள்ளோட்டம் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. சின்னச் சின்னக் குளங்கள், வருடத்துக்கு ஒரே மழைக்காலம், கூலிக்கு ஆள் வைக்காமல் தாங்களே வலை இழுக்கும் மனிதர்கள் என்று மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி அவர்கள் ஊரைப் போலவே இருந்ததாம். யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். வெள்ளோட்டத்தில் எது முதலில் வருகிறதோ அதற்கு இங்கேயும் ஒரு தொகை கிடைக்கும் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எது முதலில் வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையில் பணம் குறைவாக இருக்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதை அடுத்தவனிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்பது. நல்ல தீவனம் எது என்று பெரிய நாடுகள் ஆராய்ந்து எழுதி வைத்திருக்கின்றன. படித்துவிட்டு அதையே செய்யலாம். நல்ல மீன் குஞ்சையும் வெளியிலிருந்து வாங்கலாம். ஆனால் சமயநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு குளத்தில் இன்று காலை மீன் செத்து மிதந்தால், அது எதனால் செத்தது என்பதை எந்த நாட்டிலிருந்தும் வாங்க முடியாது. பக்கத்திலேயே ஒருவர் சோதித்து, மறுநாளாவது சொல்ல வேண்டும். நாங்களோ ஐஸ் பெட்டியில் வைத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருக்கிறோம். மீன் காத்திருக்காது. பாக்டீரியா என்றால் தீவனத்தில் மருந்து கலக்கலாம். வைரஸ் என்றால் மருந்து வீண், குளத்தைக் காலி செய்துவிட வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் எங்கள் ஊரில் எத்தனை பேர் மருந்தாக வாங்கிக் கொட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மதுரையில் ஒரே ஒரு சோதனை அறை போதும். எங்கள் துறையிலேயே ஓர் அறை பழைய மேசைகளோடு பூட்டிக் கிடந்தது.

இதில் இன்னொரு விஷயம் இருந்தது. என் தம்பி. என்னைவிட எட்டு வயது சின்னவன். கப்பலூரில் ஒரு பேக்டரியில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் அதை விட்டான். சமயநல்லூரைத் தாண்டி நிலம் பிடித்து, மூன்று குளம் வெட்டி, ஜிலேபி கெண்டை வளர்த்தான். அவனுக்கு நாற்பத்தைந்து வயது. அந்தக் குளங்கள் போனால் இன்னொரு தடவை தொடங்க அவனிடம் எதுவும் கிடையாது. அவனுக்கு மேல்புறத்தில் பாய் ஒருவருடைய குளங்கள். நகரத்தில் பரம்பரையாகத் தகரப் பெட்டி, சூட்கேஸ் விற்கும் கடை வைத்திருந்த குடும்பம். வியாபாரம் படுத்த பிறகு அவரும் மீனுக்கு வந்தவர். அவர் குளத்தை வடித்தால் அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தம்பியின் குளத்துக்கு வரும். இரண்டு பேரும் ஒரே கேனிலிருந்து டீ குடிப்பவர்கள்.

தம்பி குளம் வைத்திருக்கும்போது நான் நோய்க்காக வாதாடினால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரியில் மொட்டைக் கடிதத்துக்குப் பஞ்சமே கிடையாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர், சொந்தக்காரருக்கு ஒரு சின்ன வேலை வாங்கிக் கொடுத்தார் என்று வந்த கடிதத்துக்குப் பதில் சொல்லியே ஓய்வு பெற்றார். அதனால் நான் யாருக்காகவும் பேசப் போவதில்லை, கேட்க மட்டும்தான் போகிறேன் என்று முதலிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கூட்டத்தை ஆடி மாதத்தில் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் மலிவாகக் கிடைக்கும். சாப்பாட்டுக்கான பணம் பில் கொடுத்த பிறகுதான் வரும் என்றார்கள். அப்போது மீன் மார்க்கெட்டின் கமிஷன் கடைக்காரர் ஒருவர், சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நம்ம ஆட்கள்தானே என்றார். மட்டன் பிரியாணி. நான் கையெடுத்துக் கும்பிட்டு ஒத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

மீன் வளர்க்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் வெளியில் சொல்வார்கள், குளத்தில் மீன் சாகிறது என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள். சொன்னால் கமிஷன் கடைக்காரர் வண்டி அனுப்ப மாட்டார், அனுப்பினாலும் பாதி விலை. அந்தக் குளத்து மீனா என்று ஒருவர் கேட்டுவிட்டால் அந்த வட்டாரத்து மீன் முழுவதற்கும் கெட்ட பெயர். அதனால் செத்ததை விடியும் முன்பே வாரி, சுண்ணாம்பு போட்டுக் குழியில் மூடிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி டீக்கடைக்கு வருவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கமிஷன் கடைக்காரர்களைப் பந்தி விசாரிக்க விட்டேன்.

கூட்டத்தன்று காலையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு போக அவன் குளத்துக்குப் போனேன். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். கையில் வலைப்பை. கரையில் ஒரு கூடை நிறையச் செத்த மீன். உடம்பு கறுத்து, கண் பிதுங்கியிருந்தது. தண்ணீருக்கு மேலே இன்னும் சில மீன்கள் தலைசுற்றியது போல வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் அவன் பேசினான்.

"அக்கா, ரெண்டாவது குளத்துலயும் ஆரம்பிச்சிருச்சு. வர்ற திங்கக்கிழமை வண்டி அனுப்புறேன்னு கடைக்காரர் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் தாங்கினா பாதியாவது தப்பிக்கும். இன்னைக்கு அங்க வாயத் திறந்துறாத. அம்மா மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். எங்கள் அம்மா இறந்து நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவன் சட்டையை மாற்றிக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறினான். திருப்பரங்குன்றம் போகிற வரைக்கும் அவன் கையில் மீன் வாடை அடித்தது. மண்டபத்துக்கு வெளியே குழாயில் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினான்.

ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அந்தக் குட்டி நாட்டிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார், நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண்மணி, நோட்டுப் புத்தகமும் கையுமாக. முறை மிகவும் எளிது. மேடைக்குக் கீழே நீள மேசையில் ஐந்து எவர்சில்வர் தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அட்டை. தீவனம், குஞ்சு, தண்ணீர், விற்பனை, நோய். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. வரிசையில் வந்து, எது பெரிய தொல்லையோ அந்தத் தட்டில் அதிகமாகப் போட வேண்டும். படிப்பு வேண்டாம், பேச வேண்டாம், பெரியவர் சின்னவர் கிடையாது. நான்தான் இதை யோசித்தேன். அதிகாரி மிகவும் ரசித்தார்.

மேசைக்கு ஐந்தடி தள்ளி கமிஷன் கடைக்காரர்கள் தண்ணீர் பாட்டிலோடு நின்று, வாங்கண்ணே, சாப்பிட்டுத்தான் போகணும் என்று வரிசையில் வருகிற ஒவ்வொருவரையும் உபசரித்துக்கொண்டிருந்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. உண்மையிலேயே உபசரிப்புத்தான். என் தம்பி வந்தான். பத்தையும் தீவனத் தட்டில் கொட்டினான். அவனுக்குப் பின்னால் பாய். அவரும் பத்தையும் தீவனத் தட்டில் கொட்டினார். அதற்குப் பின்னால் வந்தவர்கள் தீவனத்துக்கும் விற்பனைக்குமாகப் பிரித்துப் போட்டார்கள். முடிந்தபோது நோய்த் தட்டில் ஒரு கொட்டைகூட இல்லை. மண்டபத்து ட்யூப்லைட் அதில் பளபளவென்று தெரிந்தது.

அதிகாரி அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். உங்கள் பக்கத்தில் மீனுக்கு நோயே வருவதில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். கெட்டிக்காரப் பெண், அவருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். ஐம்பது பேரில் ஒருவர்கூட ஒரு கொட்டை போடவில்லை என்றால் அதுவே பெரிய சேதி என்று நான் சொல்லியிருக்கலாம். இவர்களைத் தனித்தனியாக ஒரு அறைக்குள் அனுப்பித் திரும்பவும் கேட்போம் என்று சொல்லியிருக்கலாம். அம்மா மேல் செய்த சத்தியத்தை மீறாமலேயே, தம்பியின் பெயரை எடுக்காமலேயே இதைச் சொல்லியிருக்கலாம். இப்போது யோசிக்கிறபோது வார்த்தைகள் எவ்வளவு சுலபமாக வருகின்றன. அப்போது தம்பி பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வருவது உண்டு, ஆனால் பெரிய தொல்லை இல்லை என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை கடைக்காரர் அனுப்பிய குட்டி யானை, அந்தச் சின்ன லாரி, வந்தது. முதல் குளத்தில் உயிரோடு இருந்த மீனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த நடைக்கு வருவதற்குள் மற்ற இரண்டு குளங்களும் முடிந்துவிட்டன. ஆவணி பிறக்கும்போது தம்பியிடம் வாரிக் கொட்டக்கூட மீன் இல்லை. அதற்குச் சில நாள் முன்னால்தான், அவனிடம் கேட்டுக் கேட்டு வாங்கிய நான்கு மீனை ஐஸில் வைத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தேன். மூன்று வாரம் கழித்து வைரஸ் என்று பதில் வந்தது. அதற்குள் அவன் மருந்துக்காக எங்கெங்கோ அலைந்து வாங்கிய கடன் எல்லாம் குளத்துக்குள் போயிருந்தது. பதிலை அவனிடம் படித்துக் காட்டினேன். சரிக்கா என்றான். ஐப்பசியில் கப்பலூருக்கே திரும்பிப் போய், தனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவருக்குக் கீழே ஷிப்ட் பார்க்கச் சேர்ந்தான். வெட்டிய குளங்கள் வெடித்துப்போய்க் கிடந்தன. அந்தப் பக்கம் போனால் ஸ்கூட்டரை நிறுத்தாமல் ஓட்டுவேன். போகாமல் இருக்கவும் முடியாது.

இதற்கிடையில் அறிக்கையை நான் எழுதி அனுப்பியிருந்தேன். நல்ல அறிக்கை. தீவனம் முதலிடம், விற்பனை இரண்டாமிடம், நோய் கடைசி. தட்டுகளின் போட்டோவும் உண்டு. இங்கே வந்த தொகை தீவன ஆராய்ச்சிக்கு இன்னொரு ஊருக்குப் போயிற்று. ஐந்து வருடத்துக்கு மாற்ற முடியாது என்பது ஒப்பந்தம். அதை நானே ஒரு தடவை மாற்றக் கேட்டு எழுதினேன். மீன் வளர்ப்பவர்களே சொன்னதை ஒரு தனிநபர் மாற்றுவது முறையல்ல என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. அந்த வாக்கியம் என் அறிக்கையில் நானே எழுதியது.

அதற்கு ஒரு வருடம் கழித்து, போன ஐப்பசியில், அந்த அதிகாரியிடமிருந்து ஒரு மெயில். அவர்கள் ஊரிலும் அதே முறையில் கேட்டார்களாம், அங்கேயும் தீவனம்தான் முதலில் வந்ததாம். மதுரையோடு ஒத்துப்போவதால் யோசிக்காமல் அதற்கே பணத்தை எல்லாம் கொடுத்துவிட்டார்களாம். இப்போது அங்கே குளம் குளமாக மீன் சாகிறது. பரிசோதிக்க இடமில்லை. உங்கள் ஊரில் அந்தத் தட்டு ஏன் காலியாக இருந்தது என்று உண்மையைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். கோபம் இல்லை. கெஞ்சியிருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

உட்கார்ந்து எழுதினேன். அன்று காலை பார்த்தது, சத்தியம், பிரியாணி, ஐந்தடி தள்ளி நின்றவர்கள், மொட்டைக் கடிதத்துக்கு நான் பயந்தது எல்லாவற்றையும் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் தம்பியிடம் காட்டாமல் இருக்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். என் போனை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, மெதுவாக முழுவதையும் படித்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

"கடல் தாண்டி இருக்கறவங்களுக்கு இம்புட்டும் எழுதிட்ட. பாய் இன்னைக்குக் குஞ்சு விடப் போறாருக்கா. நம்ம குளம் எப்படிச் செத்துச்சுன்னு அவர்கிட்ட நானும் சொல்லல, நீயும் சொல்லல" என்றான்.

மெயிலை அங்கேயே அனுப்பிவிட்டு, வா போகலாம் என்றேன்.

நாங்கள் போனபோது பாய் கரையில் நின்றுகொண்டிருந்தார். ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகள் பத்துப் பதினைந்து தண்ணீரில் மிதந்தன. பையின் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று அரைமணி நேரம் அப்படி மிதக்கவிட்டுத்தான் திறப்பார்கள். டீச்சர் வாங்க என்று சொல்லிவிட்டு, தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொன்னேன். போன வருடம் இவன் மீன் செத்தது ஊரில் நாங்கள் சொன்னபடி வெயிலால் இல்லை, வைரஸ், கூட்டத்துக்கு முன்பே சாகத் தொடங்கிவிட்டது, உங்களிடம் மறைத்துவிட்டோம், இவனுக்குக் குஞ்சு கொண்டுவந்த அதே வண்டிக்காரரிடம் வாங்கியிருந்தால் விடாதீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

பாய் தோளிலிருந்து கையை எடுத்தார். கோபம் என்று நினைத்தேன்.

"எனக்குத்தான் மொதல்ல செத்துச்சு டீச்சர். போன வருசம் வைகாசியிலேயே" என்றார்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரே வாரத்தில் இரண்டு குளம். குழி வெட்டிப் புதைத்துவிட்டு, தண்ணீர் முழுவதையும் வாய்க்காலில் வடித்துவிட்டார். அது எங்கே போகும் என்று தெரியாமல் இல்லை. வேறு எங்கே வடிப்பது? மண்டபத்தில் வரிசையில் தம்பிக்குப் பின்னால் நின்றபோது, நோய்த் தட்டில் போடத்தான் கையில் கொட்டையை வைத்திருந்தாராம். "உங்க தம்பி பத்தையும் தீவனத்துல போட்டதைப் பாத்தேன். சரி, தம்பி குளத்துக்கு ஒண்ணும் ஆகல, நம்ம நசீபு, நம்ம தலையெழுத்து, நம்மளோட போகட்டும்னு நானும் அதுலயே போட்டுட்டேன். தம்பி ஒரு கொட்டை அதுல போட்டிருந்தாக்கூட நானும் போட்டிருப்பேன் டீச்சர்."

தம்பி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான். பாய் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவனும் இவரிடம் கேட்கவில்லை. யார் யாரிடம் கேட்பது? அவர் தண்ணீரில் இறங்கி ஒரு பையை எடுத்துவந்து என் முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"இது நல்ல குஞ்சா கெட்ட குஞ்சான்னு நீங்க சொல்லுங்க. கெட்டதுன்னா இப்பவே எல்லாத்தையும் வெளிய தூக்கிர்றேன். இல்லாட்டி விடுறேன். இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல டீச்சர்."

பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரல் நக அளவு குஞ்சுகள், சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முப்பது வருடம் பாடம் நடத்தினாலும் சொல்ல முடியாது. அனுப்பிக் கேட்டால் மூன்று வாரம், அதுவரை இத்தனை குஞ்சையும் வைத்துக் காக்க இடம் கிடையாது. பையில் இருக்கிற காற்று சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காது. தெரியவில்லை பாய் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பையை வாங்கிக்கொண்டு திரும்ப இறங்கினார். ஒவ்வொரு பையாக அவிழ்த்துக் கவிழ்த்தார். தம்பி எழுந்து போய் அவரோடு தண்ணீரில் நின்று, மற்ற பைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தான்.

மதுரையில் ஒரு சோதனை அறை இருந்திருந்தால் குஞ்சுகளை ஒரு தொட்டியில் விட்டுவிட்டு மறுநாள் சொல்லியிருப்பேன். அப்படி ஓர் அறைக்கு அவசியமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.